பேரில்லாத எஸ்எம்பிஎஸ்

"அண்ணே, கேபினெட்ல நாலு ஃபேனு, அம்புட்டும் லைட்டு, தம்பி அசந்துருவாப்ல"ன்னு மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்காரர் கம்ப்யூட்டர் கொட்டேஷன நீட்டுறாரு. கம்ப்யூட்டர் வாங்க வந்த அக்கா மகன் கண்ணு அந்த லைட்டுலயே நிக்குது.

50,000 தாண்டக் கூடாதுன்னு அக்கா கண்டிஷன்.

பேப்பர்ல ப்ராசசர் ரைசன் 5 5600, கிராபிக்ஸ் கார்டு ஆர்எக்ஸ் 6600 8 ஜிபின்னு எல்லாத்துக்கும் முழுப்பேரு இருக்கு. உள்ள இருக்குற எல்லாத்துக்கும் கரண்ட்ட மாத்திக் குடுக்குற டப்பாதான் எஸ்எம்பிஎஸ், அந்த வரியில மட்டும் "500 வாட்ஸ்".
அம்புட்டுதான். கம்பெனி பேரு இல்ல, கரண்ட்ட ரொம்ப வீணாக்காதுங்கிற 80 ப்ளஸ் முத்திரை இல்ல.

கண்ணுக்குத் தெரியாத எடத்துலதான் எல்லாரும் காச மிச்சம் பிடிக்கிறோம், வீடு கட்டுனாலும் இதே கததான். திருமங்கலம் பக்கம் வோல்டேஜ் ஏறி எறங்குற ஊர்ல அந்த டப்பா போச்சுன்னா, போறப்ப மதர்போர்டையும் கிராபிக்ஸ் கார்டையும் சேத்து இழுத்துட்டுப் போனாலும் போயிரும்.

லைட்டு கேபினெட்டத் தூக்கிட்டு சாதா கேபினெட், அந்தக் காசுக்குப் பேருள்ள கம்பெனியோட 80 ப்ளஸ் ப்ரான்ஸ் எஸ்எம்பிஎஸ்னு மாத்தச் சொன்னேன். ரேமு 16 ஜிபி ஒத்த ஸ்டிக்குக்குப் பதிலா ரெண்டு 8, டூயல் சேனல்ல, அதாவது ரெண்டு வழியா வேகமா ஓடும்ல.

மொகம் சுருங்கிருச்சு பயலுக்கு. "லைட்டு பாக்கணும்னா சித்திரைத் திருவிழாவுக்கு மாசி வீதிக்குப் போவோம் மாப்ள"ன்னேன்.

"அது சரி மாமா, மானிட்டரு இதுல எங்க இருக்கு?"