சின்ன வெள்ளி

மார்ச் 4

ஆஸ்பத்திரியில் காலையில் அப்பா எடை 61.2 கிலோ. கால் வீக்கம் அப்படியே.

அடையாள அட்டையைத் தேடி அலமாரியைக் குடைந்தபோது மைலோ டின் அகப்பட்டது. பழைய வெள்ளிக் காசுகள் ஆறும் இருக்கின்றன. திரும்பி வைக்க நேரமில்லை, பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன். ஃபெர்ரியில் வழி நெடுக ஒரே கலகல சத்தம்.

மார்ச் 5

60.8.

தம்பி கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டான். அப்பா எப்படி என்று ஒரு நிமிடம், டின்னைப் பற்றிப் பத்து நிமிடம். “வெள்ளி இப்ப என்ன விலை தெரியுமாக்கா?” ரிங்கிட்டும் நமக்கு வெள்ளி, வெள்ளியும் வெள்ளி. எத்தனை வெள்ளிக்கு எத்தனை வெள்ளி என்று அவன் போட்ட கணக்கில் எனக்குத் தலை சுற்றியது.

சின்னதைச் சேர்க்காதே என்றான். அது போலி என்பது எங்கள் வீட்டில் வேதம்.

மார்ச் 7

60.1. தண்ணீர் இறங்குகிறதாம். நர்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இரவு தூக்கம் வரவில்லை. மாவு நிறுக்க வாங்கிய தராசு போதாது என்று, புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டுகிற சின்னத் தராசு ஒன்றை மதியமே வாங்கியிருந்தேன். சமையல் மேசையில் ஆறையும் வரிசையாக வைத்தேன். கையில் திரிசூலத்தோடு, பிரிட்டனின் பெண்ணுருவமான பிரிட்டானியா நிற்கிற பிரிட்டிஷ் டாலர் மூன்று: 1899, 1902, 1911. எட்வர்டு மன்னர் தலை போட்ட, அந்தக் காலத்துப் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் நாணயமான ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் மூன்று: 1903-இல் இரண்டு, 1908-இல் ஒன்று. அந்த 1908தான் சின்னது.

பெரிய டாலர் அச்சாலையை விட்டு வரும்போது 26.95 கிராம். 1899 இப்போது 26.61. சீன வியாபாரிகள் நோட்டம் பார்த்துக் குத்திய முத்திரைகள் அதில் நான்கு. பிரிட்டானியாவின் முழங்காலில் ஒன்று, கடலில் மூன்று. 1902, 26.83. 1903 இரண்டும் 26.7-ஐ ஒட்டி. நூறு வருஷத் தேய்மானத்துக்கு இது நியாயமான எடை.

1908: 20.12. அடடா, போலிதான் என்று ஒரு கணம்.

1911: 23.41.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று தடவை நிறுத்தேன்.

மார்ச் 8

59.7.

காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை. அதனால் ஒன்றும் நிச்சயமாகாது, செம்பும்தான் ஒட்டாது. சுண்டிப் பார்த்தேன். ஐந்து கணீரென்றன. 1911 டொக்கென்றது. அடுத்த படுக்கைக்காரரின் மகள் திரும்பிப் பார்த்தாள்.

சங்கப் புலவர்களில் சிலருக்கு வண்ணக்கன் என்று பட்டம் உண்டு. காசு நோட்டம் பார்க்கிற தொழில். அவர்களும் இப்படித்தான் ராத்திரியெல்லாம் முழித்திருந்தார்களோ.

மார்ச் 9

ஞாயிறு. எடை எடுத்தார்களா என்று கேட்க மறந்துவிட்டேன். எப்படி மறந்தேன்?

மார்ச் 10

59.9. 200 கிராம்தானே என்கிறார்கள். 200 கிராம் எவ்வளவு என்று இந்த ஒரு வாரமாக எனக்கு நன்றாகத் தெரியும்.

தண்ணீர்ச் சோதனை. தராசில் தண்ணீர்க் கிளாஸை வைத்துப் பூஜ்யமாக்கி, நாணயத்தை நைலான் நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முங்க விட வேண்டும். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியைத் தட்டிவிட வேண்டும். தராசு அப்போது காட்டுவது நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை. நாணய எடையை அதால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். பத்துக்கு ஒன்பது பங்கு வெள்ளியும் ஒரு பங்கு செம்பும் கலந்தால் 10.3 வர வேண்டும்.

1902: 2.60. வகுத்தால் 10.3.
1911: 2.63. வகுத்தால் 8.9. செம்பும் நிக்கலும் என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளி இல்லை.
1908: 1.95. வகுத்தால் 10.3.

கையில் நூலோடு அப்படியே நின்றேன். சின்னது நல்ல வெள்ளி.

மார்ச் 11

60.6.

விஷயம் எளிமையானது, யாரும் தேடிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். 1903-இல் பழைய மெக்சிகோ டாலரையும் பிரிட்டிஷ் டாலரையும் திரும்ப வாங்கிக்கொண்டு ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரை விட்டார்கள். 1906-இல் அதை பிரிட்டிஷ் பணத்தில் இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று தங்கத்தோடு கட்டிப்போட்டார்கள். வெள்ளி விலை ஏறியதும் காசைவிட அதை உருக்கினால் லாபம் என்ற நிலை. அதனால் 1907-இல் டாலரையே சிறிதாக்கினார்கள். 20.21 கிராம், 34.5 மில்லிமீட்டர். 1908 சின்னதாகத்தான் இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால்தான் சந்தேகம்.

எஸ்டேட்டில் பூட்டனுக்குச் சம்பளத்தில் செல்லாத வெள்ளியைத் தள்ளிவிட்டான் கங்காணி என்று மூன்று தலைமுறையாகத் திட்டியிருக்கிறோம். தீபாவளிக்குத் தீபாவளி கங்காணிக்கு ஒரு வசவு உண்டு. மற்ற எதிலெல்லாம் ஏமாற்றினாரோ, இதில் ஏமாற்றவில்லை.

1911-ஐ வாங்கியது அப்பா. நான் அஞ்சாம் வகுப்பு. பழைய சாமான் கடை ஒன்றில் 90 வெள்ளி கொடுத்தார். “சின்னது போலியா போச்சு, அதுக்கு ஈடா இது இருக்கட்டும்”னு அம்மாவிடம் சொன்னார். அம்மா ஒரு வாரம் பேசவில்லை.

மார்ச் 12

61.5. மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள்.

பினாங்கு ஸ்திரீட்டில் வயசான பத்தர் ஒருவரிடம் காட்டினேன். உரைகல்லை எடுக்கவே இல்லை. லென்ஸை வைத்து 1911-ஐப் பார்த்துவிட்டு என்னையே பார்க்கச் சொன்னார். பம்பாயில் அடித்தது என்றால் திரிசூலத்தின் நடுமுனையில் பொடியாக ஒரு பி எழுத்து இருக்கும். மற்ற இரண்டு பிரிட்டானியாவிலும் அது இருக்கிறது. இதில் அந்த இடத்தில் ஒரு மரு. எழுத்தெல்லாம் கரைந்த சோப்பு மாதிரி. விளிம்பில், கோடுகளுக்கு நடுவே, அச்சு சேர்ந்த தடம் மெல்லிசாக ஓடுகிறது. “வார்த்தது, அடிச்சது இல்ல.”

பிறகு 1903-ஐப் புரட்டி, இதை யார் தேய்த்தது என்றார். வெள்ளிக்கிழமை தோறும் அம்மா விபூதி போட்டுத் தேய்த்துப் பூஜையில் வைப்பார். மன்னர் கன்னமெல்லாம் மயிரிழைக் கீறல். “தேய்க்காம கருத்தே கிடந்திருந்தா சேகரிக்கிறவன் நல்ல விலை குடுப்பான். இப்ப உருக்குற விலைதான்மா.”

வெளியே வந்ததும் அம்மா மேல் கோபம். ஃபெர்ரி நடுக்கடலுக்கு வருவதற்குள் போய்விட்டது. அந்தக் கீறல் அத்தனையும் அம்மா விரல்.

மார்ச் 13

62.3.

தம்பியிடம் சொல்லவில்லை.

மார்ச் 14

62.9. மூச்சு வாங்குகிறது. ஆனால் சாயங்காலம் தெளிவாகப் பேசினார்.

“சின்னது நல்லதுதாம்பா. 1908-ல அப்படித்தான் அடிச்சாங்க.”

வெகுநேரம் கூரையையே பார்த்தார். “அப்ப கங்காணி?”

“அவர் மேல தப்பில்ல.”

சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்தேன். டின்னைக் கேட்டார். உள்ளே பார்க்காமலே துழாவி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து, மெல்ல ஏற்றி இறக்கினார். பிரிட்டானியா. வருஷம் பக்கம் கீழே இருந்தது, எனக்குத் தெரியவில்லை.

“இது கொஞ்சம் லேசு, இல்ல?” என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் பார்வை நேரம் முடிந்தது என்று வந்துவிட்டார்கள். காசு அவர் கையிலேயே இருக்கிறது. டின்னில் ஐந்து.

மார்ச் 15

எடை எடுக்க யாரும் வரவில்லை. கேட்டேன். டாக்டர் வரட்டும் என்கிறார்கள்.