மியாட்டாவுக்கு டாட்டா

விற்றாயிற்று. மாஸ்டா எம்எக்ஸ்-5, மியாட்டா என்றும் சொல்வார்கள். 1989-இல் வந்த நாள்முதல் இரண்டே சீட், பின்சக்கர இழுவை, எடை ஏறக்குறைய ஒரு டன். உலகத்திலேயே அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் இதுதான். மணிக்கட்டை லேசாக அசைத்தாலே கியர் விழும். அந்தச் சுகத்தைச் சொல்லி மாளாது.

ஆனால் கைக்குழந்தையை எங்கே வைப்பது? பின்னோக்கிய குழந்தை இருக்கையை முன்சீட்டில் மாட்டினால் அந்தப் பக்க ஏர்பேக்கை அணைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால், விரியும் ஏர்பேக் நேராக இருக்கையின் முதுகில் அறையும். சரி, அணைத்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். மனைவி எங்கே உட்காருவாள்? டிக்கியிலா? அதுவும் 130 லிட்டர்தான், குழந்தையின் தள்ளுவண்டிக்கே போதாது.

வந்திருப்பது ஸ்கோடா ஆக்டேவியா எஸ்டேட், அதாவது கூரை பின்கோடி வரை நீளும் பெரிய டிக்கி கார். டிக்கி 640 லிட்டர். பின்சீட்டின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில், குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கம்பிகள். இருக்கையைத் தள்ளினால் 'டக்', பச்சைக் குறி தெரியும், முடிந்தது வேலை.

எஸ்யூவி வாங்கு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்கு ஒப்பவில்லை. வண்டி உயர்ந்தால் எடை மையமும் மேலே போகும், வளைவில் சாயும். எஸ்டேட் காராவது தரையை ஒட்டிப் போகிறது. சாமானையும் நெஞ்சு உயரத்துக்குத் தூக்க வேண்டாம்.

ஆட்டோமேட்டிக் என்பதுதான் கொஞ்சம் உறுத்தல். இல்லாத கிளட்சைக் கால் இன்னும் தேடுகிறது.

அப்புறம், வருஷத்துக்கு ஒருமுறை மலைப்பாதையில் ஓட்ட ஒரு மியாட்டாவை வாடகைக்கு எடுத்துக்கொள்ள வீட்டில் அனுமதி வாங்கியாயிற்று. வாய்மொழி அனுமதிதான், செல்லுமா தெரியவில்லை.