ஜனவரிக் குளிரில் டாம்பா விரிகுடா

ஃப்ளோரிடாவில் தூண்டில் போடக் கோடைதான் சரி என்பார்கள், நான் ஜனவரிதான் என்பேன். போன வாரம் டாம்பா விரிகுடாவில் வழிகாட்டி ஒருவரின் படகில் அரைநாள் போய்வந்தோம். (அவருடைய மீன்பிடி உரிமமே நமக்கும் சேர்த்துத்தான், தனியாக வாங்க வேண்டாம்.) வடக்கிலிருந்து குளிர்காற்று அடித்தால் தண்ணீரை விரிகுடாவிலிருந்து வெளியே தள்ளிவிடும், அதோடு வற்றமும் (கடல்நீர் இறங்கும் நேரம்) சேர்ந்துகொண்டால் கடற்புல் திட்டுகள் வெளியே தெரியும், மீன்களெல்லாம் ஆழமான குழிகளிலும் கால்வாய்களிலும் வந்து ஒதுங்கும். எங்கே தேடுவது என்ற பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

நாங்கள் போனது ஷீப்ஸ்ஹெட் பிடிக்க. பாலத்தூணில் ஒட்டியிருக்கும் கொட்டலசை (ஓடுள்ள சிறு கடலுயிர், பார்னக்கிள்) கொறித்துத் தின்னும் மீன், உடம்பில் கறுப்புப் பட்டைகள், வாயைத் திறந்தால் அப்படியே மனிதப் பல்வரிசை! இறால் துண்டை முள்ளில் கோத்துத் தூணை ஒட்டியே இறக்க வேண்டும். வெடுக்கென்று இழுக்காது, கோல் நுனி லேசாகக் கனக்கும், அவ்வளவுதான், அந்த நொடியில் தூக்காவிட்டால் வெறும் முள்தான் மேலே வரும்.

நடுவில் ஒரு ஸ்னூக்கும் மாட்டியது. குளிர்காலத்தில் இங்கே அதை எடுக்கத் தடை, தண்ணீர் 10 டிகிரிக்குப் போனால் செத்தே போகும் மீன் அது. 2010 ஜனவரிக் குளிரில் ஏராளமாகச் செத்தன. வழிகாட்டி அதைத் தண்ணீரை விட்டுத் தூக்காமலே முள்ளைக் கழற்றினார், ஒரு நிமிடம் கையில் தாங்கியிருந்தார், அப்புறம் அதுவே நழுவிப் போனது.