டி டிரைவை அழித்தும் சி டிரைவ் பெருகவில்லையா?

சி டிரைவ் நிரம்பி வழிகிறது, டி டிரைவ் பாதிக்கு மேல் காலி. டி-யை அழித்து அந்த இடத்தைச் சி-யோடு சேர்த்துவிடலாம் என்ற யோசனை சரிதான். அழிக்க அரை நிமிடம்கூட ஆகாது. காலியாகும் இடம் டிஸ்க்கில் எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

டி-யில் உள்ளதை வெளி டிஸ்க்குக்கு காப்பி எடுப்பது எல்லோரும் செய்வதுதான். அதோடு மூன்றைப் பாருங்கள். டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களை முன்பு டி-க்கு மாற்றியிருந்தால், அவற்றின் பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் டேபைத் திறந்து சி-க்கே திருப்புங்கள். டி-யில் இன்ஸ்டால் ஆன மென்பொருளை முறைப்படி நீக்குங்கள். பேஜிங் ஃபைல் (மெமரி போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் ஃபைல்) டி-யில் இருந்தால் விண்டோஸ் அழிக்கவே விடாது. விர்ச்சுவல் மெமரி அமைப்பில் டி-க்கு 'நோ பேஜிங் ஃபைல்' கொடுத்து, செட் அழுத்தி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். செட் அழுத்தாமல் ஓகே கொடுத்துவிட்டு "மாறவில்லையே" என்று முழிப்பவர்கள் நிறைய.

இனி ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, கீழே தெரியும் பட்டையை நிதானமாகப் பாருங்கள். சி-யை நீட்டும் எக்ஸ்டெண்ட் வால்யூம் வேலை செய்ய, காலியிடம் சி-க்கு நேர் வலப்பக்கம், இடையில் எதுவும் இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். சி-யை அடுத்து உடனே டி இருந்தால் கவலையில்லை: டெலிட் வால்யூம், பிறகு சி-யில் எக்ஸ்டெண்ட் வால்யூம், முடிந்தது.

பல கணினிகளில் இரண்டுக்கும் நடுவே ஐந்நூறு எம்பி அளவில் ஒரு ரெக்கவரி பார்டிஷன் (விண்டோஸ் பழுதானால் சரிசெய்யும் கருவிகள் உள்ள பகுதி) உட்கார்ந்திருக்கும். விண்டோஸை அப்கிரேட் செய்யும்போது பழைய ரெக்கவரி பார்டிஷன் போதவில்லை என்றால், விண்டோஸே சி-யின் வாலைச் சுருக்கிப் புதிதாக ஒன்றை அங்கே போட்டுக்கொள்ளும். டி-யை அழித்தாலும் எக்ஸ்டெண்ட் மங்கலாகவே இருக்கும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை. அந்த ரெக்கவரி பார்டிஷன்மேல் ரைட் கிளிக் செய்தால் ஹெல்ப் தவிர வேறெதுவும் வராது.

அதை நீக்க கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். முதலில் 'ரீஏஜென்ட்சி /டிஸேபிள்' (reagentc /disable). இது ரெக்கவரி ஃபைலைச் சி-க்குள் பத்திரப்படுத்தும். இதைத் தாண்டிக்கொண்டு போகாதீர்கள். பிறகு டிஸ்க்பார்ட் (diskpart). 'லிஸ்ட் டிஸ்க்', 'செலக்ட் டிஸ்க் 0' (சி உள்ள டிஸ்க்கின் எண் வேறானால் அந்த எண்), 'லிஸ்ட் பார்டிஷன்', உரிய எண்ணோடு 'செலக்ட் பார்டிஷன்', கடைசியாக 'டெலிட் பார்டிஷன் ஓவர்ரைடு'. இங்கே டிரைவ் எழுத்தை நம்பாமல் அளவை வைத்து அடையாளம் காணுங்கள். 'டீடெயில் டிஸ்க்' கொடுத்தால் டிஸ்க்கின் மாடல் பெயரும் வரும். அழிக்கும் முன் இன்னொரு முறை 'லிஸ்ட் பார்டிஷன்' கொடுங்கள், தேர்ந்தெடுத்த வரிசையின் முன்னால் நட்சத்திரக் குறி நிற்கும். டிஸ்க்பார்ட் "நிச்சயமா?" என்று கேட்காது. 'கிளீன்' என்ற கட்டளைப் பக்கம் போகவே வேண்டாம், அது டிஸ்க்கின் எல்லாப் பார்டிஷனையும் துடைத்துவிடும். 100 எம்பி அளவில் இருக்கும் இஎஃப்ஐ பார்டிஷனையும் தொடாதீர்கள், தொட்டால் கணினி பூட் ஆகாது.

சி-யை எக்ஸ்டெண்ட் செய்து பெரிதானதும் 'ரீஏஜென்ட்சி /எனேபிள்' (reagentc /enable). தனிப் பார்டிஷன் இல்லாததால் ரெக்கவரி சி-க்குள்ளேயே இயங்கும். சி-யில் பிட்லாக்கர் என்ற குறியாக்கப் பூட்டு போட்டிருந்தால் மட்டும் இது மறுக்கும். அப்படிப் போட்டவர்கள் முழு இடத்தையும் சி-க்குக் கொடுக்காமல் கடைசியில் 1 ஜிபி விட்டு, அதில் ரெக்கவரி பார்டிஷனைத் திரும்ப உருவாக்க வேண்டும்.

எம்பிஆர் என்ற பழைய பார்டிஷன் முறையில் உள்ள டிஸ்க்குகளில் வேறொரு தொல்லை. டி லாஜிக்கல் டிரைவாக இருந்தால், அழித்த பிறகு அந்த இடம் கறுப்புப் பட்டைக்குப் பதில் பச்சை நிறத்தில் 'ஃப்ரீ ஸ்பேஸ்' என்று நிற்கும். எக்ஸ்டெண்டட் பார்டிஷன் என்ற வெளிக்கூடு இன்னும் போகவில்லை என்று பொருள். உள்ளே வேறு டிரைவ் எதுவும் இல்லையென்றால் அதையும் ஒருமுறை டெலிட் செய்தால் 'அன்அலோகேட்டட்' ஆகிவிடும்.

தவறான பார்டிஷன் போய்விட்டால் உடனே கையை எடுத்துவிடுங்கள். டிஸ்க்கில் அழிவது பெரும்பாலும் பார்டிஷன் டேபிளில் உள்ள பதிவு மட்டுமே. டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவியால் பல நேரம் அதைத் திரும்ப எழுத முடியும். சி-யை அந்த இடத்துக்கு நீட்டிவிட்டாலோ, புதிதாக ஃபார்மட் செய்துவிட்டாலோ வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். எஸ்எஸ்டியில் ஃபார்மட் செய்தால், காலியான இடத்தை உள்ளேயே துடைக்கும் டிரிம் காரணமாக வாய்ப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை.