எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே

ஆய்வுக்குப் போன ஒரு தனியார் மண் அணையில் மதகைத் திறக்கச் சொன்னது நான்தான். அது சரியான முடிவு என்றே இப்போதும் நினைக்கிறேன். எந்த மண் கரையும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிந்த நீராக வந்தால் அளவைக் குறித்துக்கொண்டு கவனித்து வரலாம். ஆனால் அந்த அணையின் அடிவாரத்தில் கசிந்த நீரைப் பிடித்து வைத்துப் பார்த்தபோது அடியில் மண் தங்கியது. அப்படியென்றால் கரையை நீர் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறது.

“கலிங்கு வரைக்கும் நிறைஞ்சிருக்கு சார். இதை விட்டுட்டா அடுத்த போகத்துக்கு எங்க போறது?” என்றார் உரிமையாளர்.

நியாயமான கேள்விதான். பாதி மட்டத்துக்கு இறக்கினால் போதும், ஆனால் மெதுவாக, என்றேன். சட்டென்று இறக்கினால் வெளியே தாங்கி நின்ற நீர் போய்விடும். கரைக்குள் ஊறிய நீர் அவ்வளவு சீக்கிரம் வடியாது. நீர்ப்பக்கச் சரிவு அப்படியே சரிந்துவிடும். கசிகிற இடத்தில் மணலும் அதன்மேல் சரளையும் பரப்பச் சொன்னேன். நீர் வெளியேறும், மண் நிற்கும். அவர் ஒத்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டோம்.

அப்புறம் மழை ஏமாற்றியது. அணை மட்டம் இறங்கியதும் கீழே கிணறுகளும் இறங்கின. அங்கே விவசாயம் செய்கிற ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: “உடைஞ்சா எங்க மேலதானே வந்திருக்கும்? எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

1977 நவம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கெல்லி பார்ன்ஸ் என்ற சிறிய மண் அணை நள்ளிரவு தாண்டி உடைந்து, கீழே இருந்தவர்களில் 39 பேர் இறந்தார்கள். அதுவும் தனியார் அணைதான். அதைச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவர் ஆபத்து இல்லை என்று வாதாடவே இல்லையே.

கேட்டிருந்தால் தண்ணீரை வைத்திருங்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நான் அதை மீறித்தான் திறக்கச் சொல்லியிருப்பேன். பிறகு எதற்குக் கேட்பது? ஆனாலும், கிணறு இறங்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் அவர்கள் தண்ணீர் குறைவாகக் குடிக்கிற பயிரைப் போட்டிருக்கலாம். கரை இன்றும் நிற்கிறது. மட்டத்தைக் குறைக்காவிட்டாலும் நின்றிருக்குமா, யாருக்கும் தெரியாது.

அடுத்த ஆய்வறிக்கையில், நீரை இறக்கும் முன் கீழே உள்ளவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். “தெரிவிச்சா போதுமா சார், அவங்க வேண்டாம்னா என்ன பண்றது?” என்றார் உரிமையாளர். அதற்கு அறிக்கையில் இன்னும் வரி எழுதவில்லை.