மெட்லர்: அழுகினதா, பழுத்ததா?

அக்டோபர் 12
இங்கிலாந்தின் கென்ட்டில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் தோட்டத் துண்டின் கோடியில் ஒரு மெட்லர் மரம். முன்பிருந்தவர் வைத்தது, 'நாட்டிங்ஹாம்' ரகம். போன வருஷம் இதே வாரம் ஆசைப்பட்டு ஒன்றைக் கடித்து வைத்தேன். காய் சப்போட்டாவின் அதே துவர்ப்பு. நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. பார்வைக்கும் சப்போட்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பிதான்: தவிட்டு நிறம், சொரசொரத்த தோல். அடியில் மட்டும் ஐந்து இதழ் விரிந்து, வாய் பிளந்த மாதிரி ஒரு குழி. இந்தத் தடவை கை வைக்கவில்லை.

அக்டோபர் 27
இலையெல்லாம் செம்பழுப்பு. காம்பைப் பிடித்து லேசாகத் திருகிப் பார்த்தேன். வரவில்லை. பக்கத்துத் துண்டுப் பெரியவர், "உறைபனி விழட்டும், அப்புறம் பறி" என்றார். இங்கே பலரும் சொல்வது அதுதான். ஆனால் பறித்து வைத்தாலும் இது கனியும், பனியே படாவிட்டாலும். மரத்தில் எவ்வளவு நாள் நிற்கிறதோ அவ்வளவு ருசி ஏறும், அதற்காகத்தான் காத்திருப்பது. கடும்பனியில் அடிபட விடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

நவம்பர் 3
மழை. ஈரக் காயைப் பறித்தால் பூசணம்தான். திரும்பிவிட்டேன்.

நவம்பர் 7
இரண்டு நாளாக நல்ல வெயில், காய் உலர்ந்திருந்தது. தொட்டுத் திருகினதும் காம்போடு கையில் வந்தது. நாலு கிலோ தேறியது. இன்னமும் கல் மாதிரிதான், அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு கிண்ணத்தில் கெட்டியாக உப்புக் கரைத்து, காம்பு நுனியை மட்டும் முக்கி எடுத்தேன்; அழுகல் அந்த வழியாக ஏறாமலிருக்க. பிறகு வாய்ப் பக்கம் கீழே, காம்பு மேலே வரும்படி தட்டுகளில் அடுக்கினேன். ஒன்றோடொன்று ஒட்டாமல் வைக்க வேண்டும். தட்டுகள் போனது குளிர்ந்த ஷெட்டுக்குள்.

நவம்பர் 9
அம்மாவிடம் போனில் சொன்னேன். "இதுக்குப் போயி ஷெட்டா? அரிசிக்குள்ள புதைச்சு வைடா, நாலு நாள்ல பழுத்துரும்." பத்துக் காயை அரிசி டப்பாவில் புதைத்து இறுக மூடினேன்.

நவம்பர் 18
டப்பாவைத் திறந்தால் புளித்த வாடை. ஏழு காயில் சாம்பல் பூசணம், காற்றே போகவில்லை போல. "அந்த அரிசியை நீங்களே வடிச்சுச் சாப்பிடுங்க" என்றாள் மனைவி. கொட்டினேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 25
தட்டில் பாதிக்கு மேல் கறுத்துவிட்டது. தெரியாதவர் பார்த்தால் குப்பையில் போடுவார். தோல் சுருங்கியிருக்கிறது, அமுக்கினால் விரல் பதிகிறது, ஆனால் பூசணமும் இல்லை, நாற்றமும் இல்லை. அழுகலுக்கும் கனிவுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். வாய்ப் பக்கம் கிள்ளிப் பிதுக்கினேன். பழுப்புக் கூழ் வழுக்கிக்கொண்டு வந்தது: பேரீச்சை பாதி, வேகவைத்த ஆப்பிள் பாதி, கடைசியில் துளி புளிப்பு. துவர்ப்பு போன இடம் தெரியவில்லை. கொட்டை ஐந்து, கெட்டியானவை, பல் ஜாக்கிரதை.

மெட்லருக்கு 'மெஸ்பிலஸ் ஜெர்மானிக்கா' என்று அறிவியல் பெயர் வைத்தது ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ், 1753இல். ஆனால் பூர்வீகம் ஜெர்மனி இல்லை, காஸ்பியன் கடல் பக்கம். ஈரானியர்கள் அஸ்கீல் என்கிறார்கள், அவர்களும் இப்படிக் குழையவிட்டுத்தான் தின்கிறார்கள்.

நவம்பர் 30
ஜெல்லி. கனிந்தது மூன்று பங்கு, கல்லாக இருப்பது ஒரு பங்கு. காயில்தான் ஜெல்லியை உறைய வைக்கும் பெக்டின் அதிகம். மூழ்கத் தண்ணீர் விட்டு, எலுமிச்சை சேர்த்து, குழைய வேகவைத்து, துணியில் கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டேன். பிழிந்தால் கலங்கிவிடும் என்று தெரிந்தும் ஒரு தடவை பிழிந்தேன். கலங்கியது. நிறம் மட்டும் செந்தேன் மாதிரி அழகு. தோசைக்குச் சேரவில்லை, சீஸோடு நன்றாக இருக்கிறது.

தட்டில் இன்னும் ஒன்பது காய் அசையாமல் இருக்கிறது. நாளைக்கு மறுபடி அமுக்கிப் பார்க்கணும்.