பட்டா இல்லாதவர் வறட்சி

2016-ல் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிவிட்டது, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சிப் பகுதி என்று தமிழக அரசு அறிவித்தது. நிவாரணம் மானாவாரிப் பயிருக்கு ஏக்கருக்கு 3,000 ரூபாய், நெல்லுக்கும் மற்ற பாசனப் பயிருக்கும் 5,465 ரூபாய். விவசாயிக்கு அது பற்றாது என்பது வேறு விஷயம். திருநெல்வேலி மாவட்டத்தில் மானூர், நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் சொந்த நிலம் இல்லாமல் செம்மறியை மட்டும் நம்பி இருக்கிற குடும்பம் எந்த ஏக்கரைக் காட்டும்?

வெளியூர்க்காரர்களுக்கு இது புரிவதில்லை. நல்ல வருஷத்தில் பிசானம் (தாமிரபரணிப் பாசனத்தின் ஒரு நெல் போகம்) அறுத்ததும் ஆடுகள் ஆற்றுப் பாசன வயல்களுக்கு இறங்கும். ராத்திரி மந்தையை வயலில் அடைத்துக் கிடை போட்டால் சாணமும் மூத்திரமும் அப்படியே உரம், வயல்காரர் அதற்கு நெல்லோ பணமோ கொடுப்பார். பாபநாசம் அணையில் தண்ணீர் இல்லையென்றால் பிசானமே கிடையாது. அறுவடை இல்லாத வயலில் மேய்ச்சலும் இல்லை, கிடைக்கூலியும் இல்லை, வைக்கோலும் இல்லை. வயல்காரரும் ஆட்டுக்காரரும் ஒரே நாளில் விழுகிறார்கள், பணம் வருவது ஒருவருக்கு மட்டும்.

அப்புறம் விற்பனைதான். முதலில் கிடாக்குட்டிகள் மேலப்பாளையம் சந்தைக்குப் போகும், அதுவும் தீர்ந்தால் கழுத்து, காது நகை. பெட்டை ஆட்டை மட்டும் கடைசிவரை கையைவிட மாட்டார்கள், மழை வந்தபின் மந்தையைத் திரும்பப் பெருக்க அதுதான் வேண்டும். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓட்டிவந்தால் விலை விழுகிறது, புல் முளைத்தபின் வாங்கப் போனால் கைக்கு எட்டாது. வீட்டுப் பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போவார்கள் (அந்த வருஷம் 150 நாளாக்கினார்கள்), பையன் திருப்பூருக்கு பஸ் ஏறுவான்.

கோடையில் ஆட்டைக் காப்பாற்றுவது உடை என்ற முள்மரத்து நெத்தும் (காய்ந்த காய்) சீமைக்கருவேல் நெத்தும்தான். சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டும் பல குடும்பங்கள் அந்த வருஷங்களைக் கடக்கின்றன. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று அந்த மரத்தை ஒழிக்க உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதும் அதே வறட்சிக் காலத்தில்தான். ஒழிக்க வேண்டியதுதான், எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்குப் பதில் ஆடு எதைத் தின்னும் என்று முதலில் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

வறட்சிக் கணக்கெடுக்க வரும்போது ஏக்கரோடு ஆட்டுத் தலையையும் எண்ணுங்கள். மானிய விலைத் தீவனத்தைக் கட்டுத்தறி மாட்டோடு நிறுத்தாமல், கிடை எந்த ஊரில் கிடக்கிறதோ அங்கேயே கொடுங்கள்.